இளம் லிதுவேனிய முன்கள வீரரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா?

லிதுவேனியாவின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. ஆனாலும் அந்நாடு 1937, 1939, 2003 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கூடைப்பந்து சாம்பியன் பட்டத்தை வென்றது. 1992, 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து மூன்று வெண்கலப் பதக்கங்களையும் பெற்றது. இப்படிப்பட்ட நாட்டில் இரண்டு மீட்டர் உயரமும், பந்தைத் தட்டியபடி ஓடும் திறனும், தொலைவிலிருந்து எறியும் துணிவும் கொண்ட ஒரு 17 வயதுப் பையன் தென்பட்டால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இவன் எதுவரை போவான்? கழகங்களின் தேர்வாளர்கள், பயிற்சியாளர்கள், முகவர்கள், புள்ளிவிவர ஆய்வாளர்கள் ஆகியோர் இதற்குப் பல பத்தாண்டுகளாகப் பதில் சொல்லி வருகின்றனர். அவர்களின் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்துவது அரிது.

முன்கள வீரரைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் கூடுதல். கூடைக்கு அடியில் நிற்கும் மைய வீரரிடம் உயரமும் பலமும் பெரும்பகுதி கதையைச் சொல்லிவிடும். பந்தைக் கொண்டுசெல்லும் காப்பு வீரரிடம் வேகமும் கைத்திறமும் சிறு வயதிலேயே புலப்படும். முன்கள வீரர் இந்த இருவருக்கும் இடையில் நிற்பவர். இன்று அவரிடம் மூன்று புள்ளி எறி, கூடையருகே மோதும் வலிமை, தன்னைவிடக் குள்ளமான விரைவான ஆட்டக்காரரைத் தடுக்கும் கால்கள் ஆகிய மூன்றும் எதிர்பார்க்கப்படுகின்றன. 17 வயதில் மூன்றும் ஒருசேர அமைந்திருப்பது மிக அபூர்வம். எது பின்னால் வரும், எது வரவே வராது என்று பிரித்தறிவதே கணிப்பின் வேலை.

கேள்வி பிறந்த விதம்

லிதுவேனியாவின் முதல் பெரிய முன்கள நட்சத்திரத்தை யாரும் தேடிக் கண்டெடுக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் வளர்ந்த லிதுவேனிய வம்சாவளியினரான பிராங்க் லூபின், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றபின் பெற்றோரின் நாட்டுக்கு வந்து ஆடினார். 1939இல் கௌனாஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் லிதுவேனியா பட்டத்தைத் தக்கவைத்ததில் அவர் பங்கு பெரிது. அதன்பின் நாடு சோவியத் ஒன்றியத்துக்குள் போனது. திறமையைக் கண்டறியும் பொறுப்பு விளையாட்டுப் பள்ளிகளின் கைக்கு வந்தது.

வெளியுலகம் இக்கேள்வியை உரக்கக் கேட்கத் தொடங்கியது 1980களில். 1985இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கைச் சேர்ந்த அட்லாண்டா ஹாக்ஸ் அணி, இளம் வீரர்களை வரிசைப்படி எடுக்கும் டிராஃப்ட் முறையில் அர்விதாஸ் சபோனிஸைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 21 வயது நிரம்பாததால் அத்தேர்வு செல்லாமற் போனது. மறு ஆண்டு போர்ட்லேண்ட் அணி அவரை 24ஆவது இடத்தில் எடுத்தது. அவர் போர்ட்லேண்டுக்காகக் களமிறங்கியதோ 1995இல், 30 வயதில். குதிகால் தசைநாண் இருமுறை அறுந்து, பழைய துள்ளலை இழந்த பிறகும் அவர் சிறப்பாக ஆடினார். அவருடைய திறமையை மதிப்பிட்டதில் தேர்வாளர்கள் தவறவில்லை. அரசியலும் காயமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைத்தான் எவராலும் மதிப்பிட முடியவில்லை. சபோனிஸ் மைய வீரர் என்றாலும், பின்வந்த ஒவ்வொரு உயரமான லிதுவேனியப் பையனையும் அவரோடு ஒப்பிடும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது.

விடுதலைக்குப் பின் என்.பி.ஏ.வை எட்டிய முன்கள வீரர்களில் முதலில் வந்தவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழியே சென்றனர். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய தாரியுஸ் சொங்கைலா 2002இல் 50ஆவது இடத்திலும், மிசூரியில் ஆடிய லினாஸ் கிளெய்சா 2005இல் 27ஆவது இடத்திலும் தேர்வாயினர். இதற்கிடையே 1998இல் ஜெர்மனியிலிருந்து வந்த டிர்க் நொவிட்ஸ்கியின் வெற்றி, ஐரோப்பாவின் உயரமான பையன்கள்மேல் பெரும் பந்தயம் கட்டும் காலத்தைத் தொடங்கிவைத்தது. 2002இல் 5ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட ஜார்ஜிய வீரர் நிகோலோஸ் ஸ்கிதிஷ்விலியும், 2003இல் 2ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட செர்பிய வீரர் தார்கோ மிலிசிச்சும் எதிர்பார்ப்பை நிறைவேற்றாதபோது அந்த ஆர்வம் ஐயமாக மாறியது. இன்றைய முறைகளெல்லாம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் உருவானவை.

உடலை அளப்பவர்கள்

மிகப் பழைய நிலைப்பாடு உடல் அளவுகளைச் சார்ந்தது. பெற்றோரின் உயரம், கையின் எக்ஸ்-ரேயில் தெரியும் எலும்பு முதிர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறுவன் எவ்வளவு உயரம் வளர்வான் என்று கணிக்கும் மருத்துவ முறைகள் நீண்டகாலமாக உள்ளன. அமெரிக்கத் தேர்வாளர்கள் இதோடு விரித்த கைகளின் நீளத்தையும், நின்றபடி கை எட்டும் உயரத்தையும் சேர்த்துக்கொண்டனர். எறியைத் தடுப்பது தலையல்ல, கை என்பதால் இது நியாயமான சேர்க்கைதான்.

இந்தப் பார்வைக்கு வலுவான ஆதாரமும் உண்டு. உயரத்தைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது. நீண்ட கைகள் உள்ள முன்கள வீரர் தடுப்பாட்டத்தில் பிழை செய்தாலும் அதைச் சரிக்கட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஆனால் உடலளவு, ஒருவர் உள்ளே நுழையத் தகுதியுள்ளவரா என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே போனபின் நடப்பதை அது சொல்வதில்லை. 2.18 மீட்டர் உயரமுள்ள மார்தினாஸ் அந்திரியுஷ்கேவிச்சியுஸ், உயரத்துக்கு மீறிய நளினத்தால் பதின்ம வயதிலேயே பேசப்பட்டவர். 2005 டிராஃப்டில் 44ஆவது இடத்துக்கு இறங்கிய அவரது என்.பி.ஏ. வாழ்க்கை ஒரு சில ஆட்டங்களோடு முடிந்தது.

முதிர்ச்சி வேறுபாடு மற்றொரு சிக்கல். ஒரே ஆண்டில் பிறந்தவர்களை ஒரே வயதுப் பிரிவில் சேர்க்கும்போது ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி இருக்கிறது. கனடாவின் பனி ஹாக்கி வீரர்களிடையே 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டிய இந்த விளைவு, பின்னர் பல நாடுகளின் இளையோர் கூடைப்பந்திலும் காணப்பட்டது. 16 வயதில் எல்லோரையும் முட்டித் தள்ளிக் கூடை போடும் பையன் உண்மையில் சீக்கிரம் வளர்ந்து முடித்தவனாக இருக்கலாம். 20 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் அவனிடம் தனியாக எதுவும் எஞ்சாமல் போகலாம். சபோனிஸ் டிசம்பரிலும், பின்னர் என்.பி.ஏ.வில் ஆடிய தொனாதாஸ் மொதியேயூனாஸ் செப்டம்பரிலும், மதாஸ் புசேலிஸ் அக்டோபரிலும் பிறந்தவர்கள். இத்தனை சிறு எண்ணிக்கையிலிருந்து விதி எதையும் வகுக்க முடியாது. என்றாலும், ஆண்டின் பிற்பகுதியில் பிறந்த பையனைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க இது தக்க காரணம்.

கண்ணை நம்புபவர்கள்

இரண்டாவது நிலைப்பாடு பயிற்சி பெற்ற கண்ணை நம்புகிறது. லிதுவேனியாவில் இதற்கு ஆழமான மரபு உண்டு. வில்னியுஸில் ஷருனாஸ் மார்சுலியோனிஸ் பெயரிலும் கௌனாஸில் சபோனிஸ் பெயரிலும் 1990களில் தொடங்கப்பட்ட கூடைப்பந்துப் பள்ளிகளிலும், மாணவர் லீக்கிலும் பயிற்சியாளர்கள் ஒரே பையனை ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு வாரப் போட்டிக்கு விமானத்தில் வந்து போகும் தேர்வாளருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

நல்ல தேர்வாளர் புள்ளிப்பலகையைப் பார்ப்பதைவிடப் பந்தில்லாத இடத்தைப் பார்க்கிறார். எதிரணி வீரர் மூலையில் பந்தைப் பெறுகிறார். நம் முன்கள வீரர் கூடையருகிலிருந்து அவரை நோக்கி ஓட வேண்டும். முழு வேகத்தில் ஓடியவர் கடைசி இரண்டு மீட்டரில் குறுகிய அடிகளாக மாற்றி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை மட்டும் உயர்த்தி நிற்கிறாரா? அல்லது நிமிர்ந்தபடியே பாய்ந்துவந்து, ஒரு பொய் எறிக்கு ஏமாந்து காற்றில் மிதக்கிறாரா? ஒரு ஆட்டத்தில் இது பத்துப் பதினைந்து முறை நிகழும். ஒருமுறைகூடப் புள்ளிவிவரத் தாளில் பதிவாகாது. அதுபோலவே, திரையாட்டத்தில் ஆள் மாற்றிக்கொள்ள நேர்ந்து தன் முன்னே ஒரு விரைவான காப்பு வீரர் நிற்கும்போது, முன்கள வீரரின் முதல் அடி பின்னோக்கிப் போகிறதா பக்கவாட்டில் போகிறதா என்பது பல பக்க அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

தாக்குதலில் பார்க்க வேண்டியது பாஸ். உயரமான வீரர்கள் பந்தைப் பகிர்ந்தளிப்பது லிதுவேனிய ஆட்டத்தின் பழைய அடையாளம். அர்விதாஸின் மகன் தொமாந்தாஸ் சபோனிஸ் அதையே தொழிலாக்கிக்கொண்டவர். 2016இல் 11ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட அவரது கைநீளம் உயரத்துக்கு ஏற்றதாக இல்லை, எறியும் உறுதியில்லை என்ற குறைகள் அன்று பேசப்பட்டன. அக்குறைகள் முற்றிலும் மறையவில்லை. இருந்தும் அவர் மூன்று முறை ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்றார்; 2022–23 முதல் அடுத்தடுத்து மூன்று பருவங்களில் ரீபவுண்டு சராசரியில் லீக்கிலேயே முதலிடம் பெற்றார். முன்களத்தில் தொடங்கி மையத்துக்கு நகர்ந்தது அவருக்கு ஏற்றதாக அமைந்தது. அந்த நகர்வை டிராஃப்ட் நாளன்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே.

கண்ணின் பலவீனங்களும் தெளிவானவை. ஒரு ஆட்டத்தில் பிரமாதமாக ஆடியவர் அடுத்த பத்து ஆட்டங்களிலும் பிரமாதமாகத் தெரிவார். ஐரோப்பிய வீரர்கள் எறிவார்கள், ஆனால் ஓடமாட்டார்கள், மோதமாட்டார்கள் என்ற பழைய முத்திரை இன்னும் அறிக்கைகளில் புகுந்துகொள்கிறது. ஒப்பீடு தேடும்போது அதே நாட்டவரை மட்டுமே தேடும் பழக்கம் இதைவிடத் தீங்கானது. ஒரு லிதுவேனிய முன்கள வீரரின் உண்மையான நிகர் ஸ்லோவேனியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கக்கூடும். கொடியின் நிறத்தைப் பார்த்து ஒப்பிடும் அறிக்கையை ஒதுக்கிவைப்பதே நல்லது.

எண்களை நம்புபவர்கள்

டீன் ஆலிவர், ஜான் ஹாலிங்கர் போன்றோர் 2000களின் தொடக்கத்தில் கூடைப்பந்துப் புள்ளியியலைப் பரவலாக்கிய பிறகு, ஐரோப்பிய லீக்குகளின் எண்களை என்.பி.ஏ.வுக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கும் முயற்சிகள் பெருகின. ஓர் உயர்நிலை லீக்கில் இளம் வயதில் நல்ல எண்களைப் பதிவுசெய்பவர் பின்னாளிலும் நன்றாக ஆடும் வாய்ப்பு அதிகம் என்பதே இதன் அடிப்படை. வயதும் லீக்கின் தரமும் கணக்கில் சேர்ந்தால் இந்தக் கருத்து பெரும்பாலும் நிற்கிறது. 18 வயதில் பெரியவர்களோடு ஆடி எடுத்த 6 புள்ளிகள், சம வயதினரோடு ஆடி எடுத்த 20 புள்ளிகளைவிட எடை கூடியவை.

மாற்றம் எளிதல்ல. சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ.வில் 48. மூன்று புள்ளிக் கோடு சர்வதேசத் திடலில் 6.75 மீட்டர் தொலைவில் உள்ளது, என்.பி.ஏ.வில் மூலைகள் தவிர மற்ற இடங்களில் 7.24 மீட்டர். தடுப்பாளர் யாரையும் காக்காமல் கூடைக்கு முன்னே மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி என்.பி.ஏ.வில் உண்டு, சர்வதேச விதிகளில் இல்லை. ஆகவே ஐரோப்பாவில் கூடையருகே நெரிசலில் ஆடிய முன்கள வீரருக்கு அங்கே வெளி திறக்கும். அதே வெளியில் அவர் தடுக்க வேண்டிய பரப்பும் விரியும். முதல் பாதியைக் கணக்கிடுவோர் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

பெரிய தடை, தரவின் சிறுமை. லிதுவேனிய உயர்நிலை லீக்கில் ஓர் இளைஞருக்கு ஆட்டத்துக்கு 10, 12 நிமிடங்களே கிடைத்தால், ஒரு பருவம் முழுவதும் அவர் எறியும் மூன்று புள்ளி எறிகள் நூறைத் தாண்டுவதே அரிது. அந்த அளவில் 30 சதவீதத்துக்கும் 38 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். அதனால்தான் ஆய்வாளர்கள் பலர் ஃப்ரீ த்ரோ சதவீதத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். தடுப்பார் இல்லாமல் ஒரே தொலைவிலிருந்து எறிவதால் கையின் அடிப்படைத் தரம் அதில் தெரியும் என்பது வாதம்.

உதாரணங்கள் இரு பக்கமும் உள்ளன. அஜுவோலாஸ் துபெலிஸ் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தம் மூன்றாம் பருவத்தில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 புள்ளிகளும் 9 ரீபவுண்டுகளும் எடுத்தார். 2023 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கூடையருகே ஆடும் முறையும், வெளியே தடுப்பதில் இருந்த ஐயமும் எண்களை மீறி எடைபோடப்பட்டன. மாறாக, சிகாகோ பகுதியில் லிதுவேனியப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்த மதாஸ் புசேலிஸ், என்.பி.ஏ.வின் வளர்ச்சி லீக்கான ஜி லீக்கின் இக்னைட் அணியில் மூன்று புள்ளி எறிகளில் ஏறத்தாழ 27 சதவீதமே கூடைக்குள் போட்டார். 2024இல் 11ஆவது இடத்தில் அவரை எடுத்த சிகாகோ புல்ஸ் அணியில், முதல் பருவத்திலேயே அது 36 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. முதல் உதாரணத்தில் எண்கள் கண்ணுக்குத் தோற்றன. இரண்டாவதில் எறி குறித்த எண் தவறான எச்சரிக்கையாக முடிந்தது. ஆனால் துபெலிஸை ஒதுக்கியது சரியா என்பதற்கு முழு விடை இல்லை. வாய்ப்புக் கிடைக்காதவர் என்ன செய்திருப்பார் என்பதை எந்தத் தரவும் காட்டாது.

எங்கே வளர்வது?

நான்காவது நிலைப்பாடு, வீரரின் தன்மையைவிட அவர் வளரும் இடத்துக்கு முதன்மை தருகிறது. ஜல்கிரிஸ், ரீத்தாஸ் போன்ற பெரிய கழகங்களில் பயிற்சி உயர்தரமானது. ஆனால் ஐரோப்பாவின் உயர்நிலைக் கழகப் போட்டியான யூரோலீக்கில் வெற்றி தேடும் பயிற்சியாளர் 18 வயதுக்காரரின் பிழைகளைச் சகித்துக்கொள்ள முடியாது. சிறிய லிதுவேனியக் கழகத்துக்கு இரவல் கொடுத்தால் நிமிடங்கள் கிடைக்கும், போட்டியின் தரம் குறையும். ஸ்பெயினின் இளையோர் அகாடமிகள் மூன்றாவது வழி. தொமாந்தாஸ் சபோனிஸ் மலாகாவில் வளர்ந்து அங்கிருந்து கொன்சாகா பல்கலைக்கழகம் சென்றவர்.

அண்மைக்காலத்தில் இந்தச் சமன்பாடு தலைகீழாகியுள்ளது. 2021இல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்ட அனுமதி கிடைத்தது; 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். ஓர் ஐரோப்பியக் கழகம் இளம் மாற்று வீரருக்குத் தரும் சம்பளத்தைவிடப் பன்மடங்கு அங்கே கிடைக்கக்கூடும் என்ற நிலையில், பலர் அந்தப் பக்கம் திரும்பியுள்ளனர். பார்சிலோனாவில் வளர்ந்த காப்பு வீரர் கஸ்பராஸ் யகுச்சியோனிஸ் இலினாய்ஸில் ஒரே பருவம் ஆடி, 2025இல் 20ஆவது இடத்தில் மியாமி அணிக்குத் தேர்வானார்.

எந்த வழி சிறந்தது என்பதை வென்றவர்களை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. ஒரு வழிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரே ஏற்கெனவே திறமை மிகுந்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் புகழ் வழிக்குப் போகிறது, உழைப்பு வேறெங்கோ நடந்திருக்கிறது. 2019இல் 37ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட தெய்விதாஸ் சிர்விதிஸ் வில்னியுஸில் எறியாளராக வளர்ந்து டெட்ராய்ட் சென்று, நிலைபெறாமல் ஐரோப்பா திரும்பினார். கௌனாஸில் பிறந்து கனடாவில் வளர்ந்து மிச்சிகனில் ஆடிய இக்னாஸ் பிராஸ்தெய்கிஸ் அதே ஆண்டு 47ஆவது இடத்தில் தேர்வானார். அவரும் பின்னர் ஜல்கிரிஸுக்கு வந்து சேர்ந்தார். முற்றிலும் வேறான இரு பாதைகளும் ஐரோப்பாவில்தான் முடிந்தன.

காயமும் அளவுகோலும்

கணிப்பு முறைகள் எல்லாம் தடுமாறும் இடம் உடல்நலம். 2008 ஜனவரியில் டென்வருக்காக ஒரே ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்த கிளெய்சா, 2009–10 யூரோலீக் பருவத்தில் ஒலிம்பியாகோஸ் அணியில் புள்ளிச் சராசரியில் முதலிடம் பிடித்தார். அதன்பின் முழங்கால் அவரை விடவில்லை. 2011இல் 20ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட மொதியேயூனாஸ் ஹூஸ்டனில் மெல்ல மெல்ல உயர்ந்து, 2014–15இல் ஆட்டத்துக்கு 12 புள்ளிகள் எடுத்த நேரத்தில் முதுகு கைவிட்டது. மறு ஆண்டு அவரை டெட்ராய்டுக்கு மாற்றும் உடன்பாடு மருத்துவப் பரிசோதனையில் ரத்தானது. இவ்விருவர் பற்றிய திறமைக் கணிப்புகள் தவறானவை என்று சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வி, வெற்றி என்று எதைக் கொள்வது என்பது. டிராஃப்ட் இடத்தையோ என்.பி.ஏ. ஆட்டங்களையோ மட்டும் அளவுகோலாக்கினால் ரமூனாஸ் ஷிஷ்கவுஸ்காஸ் கணக்கிலேயே வரமாட்டார். அவரை எந்த என்.பி.ஏ. அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அங்கே அவர் ஒரு நிமிடமும் ஆடவில்லை. ஆனால் 2007இல் பனாதினாய்கோஸ், 2008இல் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ ஆகிய அணிகளோடு யூரோலீக் வென்று, 2008இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரராகவும் தேர்வான முன்கள வீரர் அவர். ஜல்கிரிஸின் பவுலியுஸ் யான்கூனாஸும் அப்படியே: என்.பி.ஏ.வைத் தொடாமல், யூரோலீக் வரலாற்றில் மிக அதிக ரீபவுண்டு எடுத்தவர்களில் ஒருவரானார். 2011இல் ரிகாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை வென்ற லிதுவேனிய அணியிலிருந்து என்.பி.ஏ.வில் நிலைத்தவர் யோனாஸ் வலான்சியூனாஸ் ஒருவரே. மற்றவர்களைத் தோல்வியாளர்கள் என்று எழுதுவது அநீதி. ஐரோப்பாவில் கௌரவமான தொழில்வாழ்க்கை நடத்தியவர்கள் அவர்களில் உண்டு. முன்கள வீரருக்கான அறிக்கை இந்த இரண்டாம் இலக்கையும் தனியாக மதிப்பிட வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் இன்னும் அதைச் செய்வதில்லை.

இன்றைய நிலை

இதுவரை கிடைத்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால், வயதுக்கு மீறிய தரத்தில் பெரியவர்களோடு ஆடிப் பெற்ற நிமிடங்களே ஓரளவு நம்பத்தகுந்த குறி. அதற்கு அடுத்ததாக, தடுப்பாட்டத்தில் கால்களின் இயக்கத்தையும், நெருக்கடியில் பாஸ் செய்யும் முடிவையும் பலமுறை நேரில் பார்த்து எழுதிய குறிப்புகளைச் சொல்லலாம். உடலளவு தேவையான நிபந்தனை. அதற்குமேல் எதையும் கணிக்கும் ஆற்றல் உடலளவுக்குக் குறைவு. இளையோர் போட்டிப் பதக்கங்களும் ஒரு பருவத்தின் மூன்று புள்ளிச் சதவீதமும், தரப்படும் முக்கியத்துவத்துக்குத் தகுதியானவை அல்ல.

தீராமல் இருப்பவை மூன்று. எறி எவருக்குத் தாமதமாகக் கைகூடும் என்பதை முன்கூட்டி அறியும் வழி இன்னும் இல்லை. கல்லூரிப் பணம் திறந்த புதிய பாதை முன்கள வீரர்களை வளர்க்கிறதா, அல்லது 19 வயதிலேயே வயதுக்கு ஏற்ற லீக்கில் தங்கவைத்துவிடுகிறதா என்பதும் தெளிவாகவில்லை. அந்தப் பாதையில் போன முதல் தலைமுறை தொழில்வாழ்க்கையின் நடுப்பகுதியையே இன்னும் எட்டவில்லை. மூன்றாவது, லிதுவேனிய முன்கள வீரர்களின் எண்ணிக்கையே மிகச் சிறிது என்பதால், அவர்களுக்கென்று தனி விதி உண்டா என்பதும் நிறுவப்படவில்லை. ஆகவே 18 வயது வீரர் ஒருவரைப் பற்றி ஒரே இறுதி நிலையைக் குறிப்பிடும் அறிக்கையைவிட, சாத்தியமான இரண்டு மூன்று நிலைகளையும் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நிபந்தனைகளையும் எழுதும் அறிக்கையே நம்பத்தக்கது. அதையும் 20 வயதில் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.